வலக்கண்ணுக்கு ஒன்று, இடக்கண்ணுக்கு ஒன்று

மான்ட்ரியல்
24 செப்டம்பர் 1986

மரியாதைக்குரிய ஊயாரக் சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகள் நிவியாக் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் விமானம் மூடுபனியில் இரண்டு நாள் நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? மார்த்தா சித்தியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கண் டாக்டர் லாபெர்ஜ் சொன்னதை எல்லாம் அவசரத்தில் அரைகுறையாகத்தான் உங்களுக்கு மொழிபெயர்த்தேன். அதனால் எழுதுகிறேன். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறுகிற மூலை வடதுருவத்து நம் ஆட்களுக்குப் பிறவியிலேயே குறுகலாக இருக்குமாம். அது அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி, அழுத்தம் ஏறி, பார்வை போய்விடும். அதற்காகத்தான் கருவிழித் திரையின் ஓரத்தில் ஒரு சின்னத் துளை. ஜூன் மாதம் உங்கள் வலக்கண்ணில் பழைய லேசரால் எழுபத்திரண்டு முறை சுட்டார்கள். இடக்கண்ணில் புது லேசர், மூன்றே சொடுக்கு. உங்களைப் போல இன்னும் இருபத்தொரு பேருக்கு ஒரு கண்ணில் அதுவும் மறு கண்ணில் இதுவும் செய்திருக்கிறார். ஒரு வருடத்தில் எந்தத் துளை நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்.

போன வாரப் பரிசோதனையில் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று தாளில் எழுதிக்கொண்டதில் அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "உங்க சித்தப்பா மாதிரி நோயாளி கெடைக்கணும். ஒரு புலம்பல் கெடையாது" என்றார்.

கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திக்கு என் அன்பு.

நிவியாக்


மிட்டிமட்டலிக்
12 அக்டோபர் 1986

அம்மாவுக்கு,

மகன் ஊயாரக்கின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். மார்த்தாவின் முழங்காலும் நலம், வேலை சொன்னால் மட்டும் வலிக்கிறது.

சித்தப்பா என்று யாருக்கோ எழுதிய கடிதம் ஒன்று என் வீட்டுக்கு வந்திருக்கிறது. அப்படி யாரும் இங்கே இல்லையே, திருப்பி அனுப்பிவிடலாமா என்று பார்த்தேன். என் அம்மா இறந்த வசந்தத்தில் நீ பிறந்தாய். அவள் பெயரை உனக்கு வைத்தார்கள். அன்று முதல் நீ என் அம்மா, நான் உன் மகன். நான்கு வயதில் நீ என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "மகனே, போய்க் கையக் கழுவு" என்று அதட்டுவாய். பதினேழு வருடம் வேட்டையாடிய கையை நான் போய்க் கழுவிக்கொண்டு வருவேன். ஊர் மொத்தமும் சிரிக்கும். தெற்கே போய்ப் படித்ததும் உனக்குக் கூச்சம் வந்துவிட்டது. சரி, போகட்டும்.

டாக்டரிடம் ஒன்று கேள். கடல்நாய் பனிக்கட்டியில் மூச்சுத்துளை போடுகிறது. போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் இரண்டு நாளில் மூடிக்கொள்ளும். அதனால் தினமும் வந்து நகத்தால் சுரண்டிச் சுரண்டித் திறந்து வைக்கிறது. என் கண்ணில் போட்ட துளையை யார் சுரண்டுவார்கள்? எழுபத்திரண்டு தடவை தட்டிப் போட்ட துளை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. மூன்று தடவையில் விழுந்ததுதான் கைதேர்ந்தவன் போட்டது போல இருந்தது.

காய்ந்த மீன் அனுப்பியிருக்கிறேன். டாக்டருக்கும் கொஞ்சம் கொடு, மூக்கைச் சுளித்தால் நீயே சாப்பிடு.

உன் மகன்
ஊயாரக்


மான்ட்ரியல்
3 நவம்பர் 1986

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மீன் வந்தது. டாக்டர் ஒரு துண்டு வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார், மரியாதைக்காகத்தான் என்று நினைக்கிறேன். மூச்சுத்துளைக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். "அதேதான். பழைய லேசர்ல அந்த பயம் உண்டு. உங்க ஆட்களுக்குக் கண்ணு அடர்ந்த பழுப்பு, ஓரமெல்லாம் கருகித் திரும்ப அடைஞ்சுக்கும். ஆனா இவருக்குத் தொந்தரவு இல்லையே" என்றார்.

இங்கே ஒரு வாரமாகத் தூறல். வேலை முடிந்து வந்தால் ஜன்னல் ஓரத்தில்தான் உட்காருகிறேன். ஈரத்தில் தெருவிளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம் விழுகிறது, உள்ளே நீலம், வெளியே சிவப்பு. பார்த்துக்கொண்டே இருந்தால் சமைக்க மறந்துவிடுகிறது. நீங்கள் இருந்தால் திட்டுவீர்கள்.

அங்கே சூரியன் போகும் நாள் நெருங்கிவிட்டதே. கம்பளிக் காலுறை அனுப்பட்டுமா?

அன்புடன்
நிவியாக்


மிட்டிமட்டலிக்
2 டிசம்பர் 1986

அம்மாவுக்கு,

மகனின் வணக்கம். நலமாக இருக்கிறாயா? நான் நலம். காலுறை வேண்டாம், மார்த்தா கோபித்துக்கொள்வாள்.

சூரியன் போய் மூன்று வாரம் ஆகிறது. மத்தியானத்தில் தெற்கு வானம் மட்டும் கொஞ்சம் ஊதாவாகிறது, அப்புறம் அதுவும் இல்லை. ஆனால் அம்மா, இந்தக் குளிர்காலத்தைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. கூட்டுறவுக் கடை வாசலில் இருக்கும் பல்பு மேலங்கியின் உரோமத் தலைக்குல்லாயைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. உரோமம் முழுக்க வண்ணம். உள்ளே நீலம், அப்புறம் பச்சை, மஞ்சள், கடைசியில் சிவப்பு. விமானத்தளத்து விளக்குகள் வரிசையாக ஊர்வலம் போகின்றன. நிலா வந்தால் பாதி வானத்தை எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கும் அப்படித்தான். மார்த்தா தேநீர் கொண்டு வரும்போது அந்த வண்ணத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறாள். முப்பத்தைந்து வருடத்தில் அவளை இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. சொன்னேன், "கெழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று தேநீரை வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வேடிக்கை. இடது கண்ணைத் திறந்தால் வண்ணம் வெளிறிவிடுகிறது. வலது கண்ணால் மட்டும் பார்த்தால் கொட்டுகிறது. அதனால் இடது கண்ணை மூடிக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டேன்.

என் முதல் அம்மாவுக்கும் இது தெரிந்திருந்தது. நாங்கள் தோல் விரிப்பில் படுத்திருப்போம். அவள் கல்விளக்கின் திரியைச் சீராக்கிக்கொண்டே, "பாருங்கடா, விளக்கு பூத்திருக்கு" என்பாள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிகிற மாதிரி நடிப்போம். இப்போதுதான் உண்மையில் பார்க்கிறேன். நாற்பது வருடம் கழித்து வந்து காட்டுகிறாள்.

உன் மகன்
ஊயாரக்


மான்ட்ரியல்
18 டிசம்பர் 1986

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்களும் சித்தியும் நலமா? கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நம் ஊர் நோயாளிகள் தங்கும் விடுதிக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.  ஒரு பெரியவர், "இன்னொரு தடவ வாசிம்மா" என்றார். இரண்டாம் தடவை வாசிக்கும்போது, வலது கண்ணால் மட்டும் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பாதியில் மடித்து வைத்துவிட்டேன்.

சித்தப்பா, செப்டம்பரில் டாக்டர் உங்களிடம் இதையேதான் கேட்டார். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறதா, தலை வலிக்கிறதா என்று. நான்தான் கேள்வியை மொழிபெயர்த்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

டாக்டர் உங்கள் ஊர் மருத்துவ நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். நர்ஸ் பெர்னடெட் வந்து பார்ப்பாள். அவள் சொன்னால் அடுத்த விமானத்தில் தயவுசெய்து வாருங்கள்.

நிவியாக்


மிட்டிமட்டலிக்
5 ஜனவரி 1987

அம்மாவுக்கு,

வணக்கம். நலம்.

நான் சொன்னேன். இரண்டு கேள்விக்கும் சொன்னேன். அவர் என் தாடையை அந்தக் கிண்ணத்தில் வைக்கச் சொல்லி, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, அசையாதே என்றார். அசையாமல் எப்படிப் பதில் சொல்வது? நம் ஆட்கள் சொல்கிற மாதிரி சொன்னேன். ஆமாம் என்று புருவத்தை உயர்த்தினேன். பட்டையே மேலே நகர்கிற அளவுக்கு உயர்த்தினேன். அவர் குழாய் வழியாக என் கண்மணிக்குள் என்னத்தையோ தேடிக்கொண்டிருந்தார். அப்புறம் "நல்லது" என்று எழுதிக்கொண்டார்.

கேட்டது அவர். பதில் சொன்னது நான். எழுதியது அவருடைய பதிலை. இன்னொரு தடவை அவ்வளவு தூரம் போய் எதற்குச் சொல்ல வேண்டும்? இளவயதில் காசநோய் இருமலுக்காகக் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய் இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். அப்போதும் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நர்ஸிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை வாய் திறந்தே சொன்னேன்.

எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று கேட்காதே. புதுப் பேனா.

ஊயாரக்


மிட்டிமட்டலிக்
16 ஜனவரி 1987

நிவியாக்குக்கு,

சித்தி மார்த்தா எழுதுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். தேவாலயத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதுப் பேனா எதுவும் வாங்கவில்லை. உனக்கு எழுதிய அந்த ஒரு தாளுக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார், வரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியதென்று இரண்டைக் கிழித்துப்போட்டார். டிசம்பரில் நான்கு தடவை தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். "பழைய வால்ரஸ் கறி ஒத்துக்கல" என்றார். அந்தக் கறியை நானும்தான் சாப்பிட்டேன்.

போன வாரம் மூச்சுத்துளைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றாராம். கடல்நாய் வந்து மூச்சு விட்டுப் போன பிறகுதான் ஈட்டியை எறிந்திருக்கிறார். கூடப் போனவர்கள் சொன்னார்கள். 

நேற்று மத்தியானம் விளக்கைப் பார்த்துக்கொண்டு, இடது கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் நேர் எதிரே போய் நின்றேன். "யாரது, அம்மாவா?" என்றார். "நான்தான்யா, ஒன் பொண்டாட்டி" என்றேன். சிரித்து மழுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருக்கிறது.

அவர் யார் சொல்லியும் கேட்கமாட்டார். அவருடைய அம்மா சொன்னால் மட்டும்தான் கேட்பார். அவள் இப்போது மான்ட்ரியலில் இருந்துகொண்டு சித்தப்பா, நீங்கள், தயவுசெய்து என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மார்த்தா


மான்ட்ரியல்
27 ஜனவரி 1987

மகனே ஊயாரக்,

உன் அம்மா எழுதுகிறேன். நீ நலமாக இல்லை. அது எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்காதே.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். டாக்டர் வெள்ளைக்காரர், புருவம் பேசும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம். உன் பக்கத்தில் நின்று உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டியவள் அன்று உன் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். தலை வலித்தது. டாக்டர் திரும்பி, "இல்லேங்கறாரா?" என்று கேட்டார். உன் குரல் வராததால் ஆமாம் என்றேன். அவர் எழுதியது அவருடைய பதில் இல்லை, மகனே. என்னுடையது.

டிசம்பரிலும் அவரிடம், "அவர் பேசாம இருந்துட்டார்" என்று உன் மேல் பழியைப் போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம். நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.  "தொளை அப்பவே சின்னதாத்தான் இருந்துச்சு. தொந்தரவு இல்லேன்னதால விட்டுட்டேன்" என்றார். அப்புறம் உன் தாளை எடுத்து, இல்லை என்ற இடத்தை அடித்தார். "மத்த இருபத்தொரு பேர்ல எத்தன பேர் புருவத்த ஒசத்தினாங்களோ?" என்று கேட்டார்.  ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துக் கேட்கப் போகிறோம்.

விளக்கு பூக்கவில்லை, மகனே. உன் வலக்கண்ணின் துளை மூடிக்கொண்டது. இருட்டில் கண்மணி விரியும்போதெல்லாம் நீர் அடைத்துத் தேங்குகிறது. நீ பார்ப்பது அந்தத் தேக்கம். நான் வந்து காட்டவில்லை. நானாக இருந்தால் உன்னை மீன் பிடிக்கப் போகச் சொல்லியிருப்பேன், விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்லியிருக்கமாட்டேன்.

கெஞ்சப் போவதில்லை. பெட்டியைக் கட்டு. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் விமானம் திரும்பும்போது அதில் நீ இருக்க வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு வா.

உன் அம்மா
நிவியாக்


மிட்டிமட்டலிக்
22 மார்ச் 1987

அம்மாவுக்கு,

மகனின் வணக்கம். நலமாக வந்து சேர்ந்தேன். மார்த்தாவும் நலம். ஐம்பது நாளாகப் பதில் இல்லையே என்று நீ கோபப்பட முடியாது, அதில் இருபது நாள் உன் வீட்டில்தான் இருந்தேன்.

பனியில் வெளிச்சம் கண் கூசுகிறது. வலக்கண்ணில் மூக்குப் பக்கம் இருட்டாகிப்போனது, அது திரும்பாது என்று டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். மீதி இருக்கிறது. அந்தப் புது லேசர் இரண்டே சொடுக்கில் அதே கண்ணில் வேலையை முடித்ததே! முதலிலேயே இரண்டு கண்ணுக்கும் அதையே வைத்துத் தொலைத்திருக்கலாம். ஆனால் ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்காமல் எது நல்லது என்று யாருக்குத் தெரியும்? என் பின்னால் வருகிறவர்களுக்கு எழுபத்திரண்டு அடி வாங்கும் பாடு மிச்சம். அதை நினைத்தால் கோபம் குறைகிறது.

கடை வாசல் பல்பு இப்போது வெறும் பல்பு. தூசி படிந்து அசிங்கமாக இருக்கிறது. மார்த்தாவிடம் நீயும் பழைய மார்த்தாதான் என்றேன். "ரெண்டு கண்ணும் தெரியுதா? அப்ப போய்த் தண்ணி கொண்டா" என்றாள். உண்மையைச் சொன்னால் அந்த வண்ணங்களுக்காக ஏங்குகிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி.

என் முதல் அம்மா விளக்கு பூத்திருக்கு என்று சொன்னது இரண்டு குளிர்காலம். மூன்றாவது குளிர்காலத்தில் அவள் திரியை விரலால் தடவித்தான் ஏற்றினாள். விரல் நுனியெல்லாம் சுட்ட புண். நான் முதல் தடவை கொன்ற கரிபூ மானைக் கொண்டுவந்து முன்னால் போட்டபோது அதன் முகத்தைத் தடவிப் பார்த்து, "பெருசுதான்" என்றாள். துக்கத்தில் கண் போனது என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. அழகான ஒன்றைப் பார்க்கிறாள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் கடிதத்தில் தெருவிளக்கு வளையத்தைப் பற்றி எழுதினாய். தூறலால் என்று எழுதினாய். நான் உன் வீட்டில் இருந்த நாட்களில் தூறல் இல்லை, அம்மா. வானம் கண்ணாடி போலக் கிடந்தது. ஆனால் நீ ஜன்னலை விட்டு எழவில்லை. பொழுது சாய்ந்தால் புருவத்துக்கு மேலே விரலால் அழுத்திக்கொண்டாய். நான் பார்த்தேன். கேட்கவில்லை. விருந்தாளியாக வந்தவன், அதோடு மகன்.

நீ எத்தனை பேரை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருப்பாய்? உன் தாடையை அந்தக் கிண்ணத்தில் ஒரு தடவையாவது வைத்தாயா? வைத்திருக்கமாட்டாய். எனக்கும் அந்தப் பயம் தெரியும்.

அவளை ஒரு தடவை இருட்டில் விட்டேன். சின்னப்பையன், தெரியாது. இப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது, தெரியும். அந்தப் பெயரை இன்னொரு தடவை இருட்டுக்குக் கொண்டுபோகாதே.

இதற்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் போய் உட்கார்.

உன் மகன்
ஊயாரக்


மான்ட்ரியல்
9 ஏப்ரல் 1987

மகனே ஊயாரக்,

உனக்கும் மார்த்தாவுக்கும் என் அன்பு. நீங்கள் சுகமாக இருந்தால் நானும் சுகம்.

உன் கடிதத்தை வேலைக்கு இடையில் நின்றுகொண்டே படித்தேன். நீ சொன்னபடி உட்காரவில்லை. அப்புறம் உட்கார்ந்தேன், அந்த நாற்காலியிலேயே. டாக்டர், "மொழிபெயர்க்க யாரும் வேணுமா?" என்று வேடிக்கையாகக் கேட்டார். பெயரோடு இதுவும் எனக்கு வந்திருக்கும் என்று ஒரு வருடமாகத் தெரியும், மகனே. யாரும் கேட்காதவரை இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

தாடையை வைத்தேன். கிண்ணம் குளிர்ந்திருந்தது. நெற்றியைப் பட்டையில் ஒட்டினேன். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறதா என்று கேட்டார். கேட்டுவிட்டு, குழாயிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தார்.

நான் புருவத்தை உயர்த்தினேன்.

உன் அம்மா
நிவியாக்